ஹாப்பலம்பியின் விருந்தாளி

ஹாப்பலம்பி ஏரியை யார் வரைபடத்தில் வரைந்தாலும் ஒரு தப்பு நேர்ந்துவிடும். ஒருமுறை வந்த அளவையாளர் வடகரையில் ஒரு முனையைக் குறித்துக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் அந்த முனையைத் தேடிக் காணாமல், ஏரியின் நடுவில் ஒரு தீவை வரைந்தார். இரண்டு பேருமே கண்ணால் கண்டதைத்தான் வரைந்தார்கள். அது முனையும் இல்லை, தீவும் இல்லை. பாசியும் வேரும் கரிமண்ணும் பின்னிக்கொண்டு மிதக்கிற ஒரு துண்டு நிலம். உருளைக்கிழங்குத் தோட்டம் ஒன்றின் அளவு இருக்கும். அதன்மேல் ஆள் உயரத்துக்குக் குட்டைப் பைன் மரங்களும் நோஞ்சான் பிர்ச் மரங்களும் நின்றன. காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் மரங்களோடு சேர்ந்து அது போகும். ஏதாவது ஒரு கரையில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும்.

ஏரிக்காரர்கள் அதற்கு விருந்தாளி என்று பேர் வைத்திருந்தார்கள். சொல்லாமல் வரும், கிளம்பு என்றால் கிளம்பாது.

ஏரி பெரியதல்ல. கிழக்குப் பின்லாந்தின் காட்டுக்குள், இடுப்பில் கயிறு கட்டி இறுக்கிய சாக்குமூட்டை போலக் கிடந்தது. வடபாதி அகலம், ஆழமில்லை, ஓரமெல்லாம் நாணல். தென்பாதி குறுகல், ஆழம் அதிகம், மேற்கே செங்குத்தான பாறை. இரண்டையும் சேர்க்கிற ஒடுக்கத்துக்குத் தொண்டை என்று பேர். தென்கோடியில் உருண்டைக் கற்களுக்கு நடுவே தண்ணீர் வழிந்து, ஓடையாகிக் காட்டுக்குள் இறங்கிப் போனது.

விருந்தாளி விஷயத்தில் அங்கே இரண்டு வழக்கங்கள் இருந்தன. காட்டில் யாரும் எங்கேயும் பழம் பறிக்கலாம். ஆனால் விருந்தாளியின் மேல் காய்க்கிற கிரான்பெர்ரி மட்டும், அது எந்தக் கரையில் நிற்கிறதோ அந்த வீட்டுக்குச் சொந்தம். தொந்தரவைச் சுமக்கிற வீட்டுக்குப் பழமாவது மிஞ்சட்டும் என்று யாரோ எப்போதோ நினைத்திருக்க வேண்டும். மற்றது இன்னும் எளிமையானது. விருந்தாளி ஒரு கரையை விட்டுப் போய்விட்டால், எப்படிப் போனது என்று கேட்கக்கூடாது. கேட்டால் காற்று என்று சொல்ல வேண்டும். எல்லா வீட்டுப் படகுக் கொட்டகையிலும் நீளமாக ஒரு கழி இருந்தது. அது எதற்கு என்று குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் காற்றுதான்.

அந்த அக்டோபரில் விருந்தாளி கைசுவின் வீட்டுக் கரையில் நின்றது.

கைசு வடகரை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. கணவன் பெந்தி மரம் வெட்டும் முகாமுக்குப் போயிருந்தான், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான். வீட்டில் அவளும் ஒரு மாடும். கதவைப் பூட்டிவிட்டு நாலு அடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற பெண் அவள். மாவை அளந்து போட்டபிறகும் சரியாகத்தான் அளந்தோமா என்று பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பெந்தி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

செப்டம்பர் முழுக்க அடித்த தென்மேற்குக் காற்று விருந்தாளியை அவள் கரையில் கொண்டுவந்து அழுத்தியிருந்தது. படித்துறைப் பலகை அதன் அடியில் போய்விட்டது. படகு கொட்டகைக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது. வாளியை விட்டால் காப்பி நிறத்தில் சேறுதான் வந்தது. துணி அலச இரண்டு வாரமாக ஓடைவரை நடந்தாள்.

அன்று காலையில் காற்று மாறியது. வடக்கிலிருந்து, ஈரமாக, குளிராக அடித்தது. கைசு விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். வடக்குதான். சாயங்காலத்துக்குள் கரை காலியாகிவிடும் என்ற நிம்மதியோடு, மத்தியானம் கடைவண்டி வருகிற முக்குக்குச் சைக்கிளில் போனாள்.

கடைவண்டி என்பது உள்ளே பலகை அடித்து மாவும் சர்க்கரையும் காப்பியும் அடுக்கிய ஒரு பழைய பேருந்து. வாரம் இரண்டு முறை வரும். அதற்குக் காத்துக்கொண்டு ஏரியைச் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் நின்றார்கள். தௌனோவும் நின்றார். அவர் வீடு மேற்குக் கரையில், தொண்டைக்குச் சற்று மேலே. வடக்குக் காற்று அடித்தால் விருந்தாளி நேராகப் போய் இறங்குவது அவர் வாசலில்தான்.

"என்ன கைசு, விருந்தாளி சௌக்கியமா?" என்றார் தௌனோ. "காப்பி எல்லாம் நேரத்துக்குக் குடுக்கிறியா?"

"உங்களப் பாக்கணும்னு ஏங்கிக்கிட்டு இருக்கு. கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஐயையோ, எங்க வீடு சின்னது. உன் வீட்டுலதான் பெந்தியும் இல்ல, எடம் தாராளமா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கைசுவுக்குக் காது சூடானது.

"காத்து திரும்பியாச்சு, தெரியும்ல?" என்றாள். "இருட்டுறதுக்குள்ள உங்க சௌனா வாசல்ல வந்து நிக்கும். அதுவும் ஆவியில குளிக்கட்டும், நாலு விறகு சேத்துப் போட்டு வைங்க."

"அப்படியா சேதி? அப்ப ஒரு கயிறு எடுத்துட்டு வந்து உன் வாசல்லயே கட்டிட வேண்டியதுதான். என்கிட்ட நல்ல கயிறு இருக்கு, அறுந்தே போகாது."

மறுபடி சிரிப்பு. கடைவண்டி வந்து ஹாரன் அடித்ததும் பேச்சு மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் போய்விட்டது. வண்டிக்காரர் கணக்குப் போட நேரமெடுத்தார். கைசு வீடு திரும்பும்போது வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்திருந்தது.

விருந்தாளி நின்ற இடத்திலேயே நின்றது.

கைசு சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் கரைக்கு இறங்கினாள். காற்று முதுகில் அடித்தது. நாணல் எல்லாம் தெற்குப் பக்கம் வளைந்திருந்தது. ஆனால் விருந்தாளி மட்டும் அசையவில்லை. கரைக்கும் அதற்கும் நடுவில் முழங்கை அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது, அதற்குமேல் விலகவில்லை. எதுவோ பிடித்திருக்கிறது என்று பட்டது. ஓரமாகவே நடந்து பார்த்தாள். கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஆல்டர் மரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. தார் பூசிய தடிமனான கயிறு. அதன் மறுமுனை விருந்தாளியின் ஓரத்துப் பிர்ச் மரத்தில் சுற்றியிருந்தது. காற்று இழுத்ததில் கயிறு விறைத்து நின்றது.

அவளுக்கு முதலில் நம்ப முடியவில்லை. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாள். பிறகு கோபம் கிளம்பியது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தால், மனுஷன் காலையிலேயே வந்து கட்டிவிட்டுத்தான் அங்கே நின்று எல்லோர் முன்னாலும் சிரித்திருக்கிறார். ஆம்பிளை இல்லாத வீடு என்ற தைரியம்.

இடுப்புக் கத்தியை எடுத்தாள். கயிறு ஈரமாக இருந்ததால் அறுக்க நேரமாயிற்று. கடைசி இழை படீரென்று அறுந்து முனை தண்ணீரில் விழுந்தது. கொட்டகையிலிருந்து கழியை எடுத்துவந்தாள். சேற்று விளிம்பில் யாரோ போட்டிருந்த பலகையில் காலை ஊன்றிக்கொண்டு பலங்கொண்ட மட்டும் தள்ளினாள். அடியில் சேறு சப்புக் கொட்டுவது போல ஒரு சத்தம். விருந்தாளி மெல்ல, மனமில்லாத மாதிரி, விலகியது. பிறகு காற்று அதை வாங்கிக்கொண்டது. மரங்களே பாயாகி அது தெற்கே நகர்ந்தது. நடுவில் ஒரு பைன் மரம் மற்றவற்றைவிட அதிகமாக ஆடியது. ஏதோ பறவை எழும்புகிறது என்று நினைத்தாள்.

"காத்து," என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

அறுந்த கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்துச் சுருட்டிக் கொட்டகையில் மாட்டினாள். அடுத்த கடைவண்டி நாளில் அதைத் தௌனோவின் காலடியில் போட வேண்டும். என்ன சொல்லிக்கொண்டு போடுவது என்று யோசித்தபடி, சேர்ந்துபோயிருந்த துணியை எல்லாம் படித்துறைக்குக் கொண்டுவந்து அலச ஆரம்பித்தாள். பாதித் துணி முடிந்தபோது வெளிச்சம் மங்கியது. காற்றும் தணிந்து, தண்ணீர்மேல் மூட்டம் போட்டது.

அப்போதுதான் கிழக்குக் காட்டுப் பாதையில் இம்பி வந்தாள். அடுத்த வீட்டுக்காரி, அறுபதைத் தாண்டியவள். ரப்பர் பூட்ஸும் தலையில் துணியுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"கைசு, எங்க ஓஸ்கரி இந்தப் பக்கம் வந்தாரா?"

"இல்லையே. நான் கடைவண்டிக்குப் போயிருந்தேன். ஏன், என்னாச்சு?"

"மத்தியானம் வாளியத் தூக்கிட்டுக் கெளம்பினாரு. பழம் பறிக்கப் போறாராம். எங்கய்யான்னு கேட்டா பதில் இல்ல, சிரிக்கிறாரு. கெழவனுக்கு அந்தச் சிரிப்பு வந்தாலே எனக்கு ஆகாது. நெஞ்சு மாத்திரை மேசை மேலயே கெடக்கு."

"பெரிய சதுப்புக்குப் போயிருப்பாரு. இப்ப அங்கதான் பழம் நல்லா இருக்காம்."

"நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். அங்க காலு வச்சா முழுங்குற எடமெல்லாம் இருக்கே, அதான் பயமா இருக்கு." இம்பி ஏரிப்பக்கம் பார்த்தாள். "அட, விருந்தாளி போயிடுச்சா?"

"காத்து," என்றாள் கைசு.

யோசித்துச் சொன்ன சொல் இல்லை. இருமல் வருவது போல வந்துவிட்டது.

"ஏதோ, உனக்காவது நல்லதாப் போச்சு. நான் தௌனோ வீட்டுக்குப் போறேன். டிராக்டர் எடுத்துட்டு நாலு ஆள சேத்துக்கிட்டுச் சதுப்புல தேடச் சொல்லணும்." இம்பி கரையோரப் பாதையில் மேற்கே நடந்தாள். வேகமாக நடக்க முயன்று முடியாமல் போகிறவளின் நடை.

கைசு போர்வையைப் பிழிய எடுத்தாள். கை பாதியில் நின்றது.

பலகை.

சேற்று விளிம்பில் கிடந்த பலகையில் காலை ஊன்றித்தானே கழியைத் தள்ளினாள்? தன் வீட்டுப் பலகை என்றால் காலை வரைக்கும் ஏன் அங்கே இல்லை? எழுந்து போய்ப் பார்த்தாள். ஒரு பக்கம் நீலச் சாயம் உரிந்திருந்தது. அவள் வீட்டில் நீலச் சாயம் பூசிய பொருள் எதுவும் இல்லை. ஓஸ்கரியின் மாட்டுக்கொட்டகைக் கதவு நீலம்.

சேற்றில் நடந்து மிதப்பின்மேல் ஏறப் பலகை வேண்டும். ஏறியபின் அது நகர்ந்துவிடாமல் இருக்க, வடக்குக் காற்று அடிக்கிற நாளில், கயிறு வேண்டும்.

இல்லை, அப்படி இருக்காது என்று உடனே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நீலச் சாயம் எத்தனையோ வீட்டில் இருக்கும். தௌனோ கட்ட வந்தபோது அவரும்தான் சேற்றில் நடந்திருப்பார். பலகை அவருடையதாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓஸ்கரி அதன்மேல் இருந்திருந்தால் கத்தியிருப்பாரே? அவள் கயிற்றை அறுத்தது ஒரு நொடியிலா? எத்தனை நேரம் அறுத்தாள்? பத்தடி தூரத்தில் இருக்கிற மனிதர் வாயைத் திறக்காமலா இருப்பார்?

இந்தக் கடைசிக் கேள்வி அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். பால் கறக்க உட்கார்ந்தாள். ஒருவேளை நாம் தப்பாகச் சொல்லி, ஆட்கள் எல்லோரும் ஏரிக்கு வந்து, அந்த நேரத்தில் அவர் சதுப்பில் கழுத்தளவு முங்கிக் கிடந்தால்? சந்தேகத்தைப் போய்ச் சொல்லி ஒருவரைக் கொல்வதா? பால் வாளியில் சீராக விழுந்தது. சொல்லாமல் இருப்பதற்கு எத்தனை நல்ல காரணங்கள் கிடைக்கின்றன என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அந்தப் பைன் மரம் நினைவுக்கு வந்தது. மற்ற மரங்களைவிட அதிகமாக ஆடிய மரம். பறவை எழும்புகிறது என்று நினைத்தாளே, எந்தப் பறவையும் எழும்பவில்லை.

ஏன் கத்தவில்லை என்பதும் அதோடு சேர்ந்தே புரிந்தது. விருந்தாளி நின்றது அவள் கரையில். பழம் அவளுடையது. அவள் கடைவண்டிக்குப் போகிற நேரம் பார்த்து ஓஸ்கரி வந்திருக்கிறார். அவள் திரும்பி வந்ததும் மரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் கத்தி வைத்தாலும் அந்தத் தலைமுறை ஆள் அடுத்த வீட்டுப் பழத்தோடு எழுந்து நிற்க மாட்டார்.

வாளியைத் தட்டிவிட்டுக்கொண்டு கைசு ஓடினாள்.

படகை இறக்கி மூட்டத்துக்குள் குறுக்கே வலித்தாள். தௌனோ வீட்டு முற்றத்தில் டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்வண்டியில் ஆறேழு பேர் விளக்கும் கழியுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். இம்பி வண்டிப்பக்கம் நின்றாள்.

"நில்லுங்க!" கைசு கரையேறி ஓடிவந்தாள். "சதுப்புக்குப் போகாதீங்க. அவரு விருந்தாளி மேல இருக்காரு. இருப்பாருன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?" என்றார் தௌனோ.

"அதுல கயிறு கட்டியிருந்துச்சு. என் வீட்டு ஆல்டர் மரத்துல. நீங்கதான் கட்டிட்டுப் போனீங்கன்னு நெனைச்சு அறுத்துட்டேன். கழி போட்டுத் தள்ளியும் விட்டேன். காத்து இல்ல. நான்தான்."

அந்த ஏரியில் பிறந்தவர் யாரும் இந்த வார்த்தையை இன்னொருவர் முன்னால் சொன்னதில்லை. யாரும் கைசுவைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இம்பி மட்டும் பார்த்தாள்.

வண்டியில் இருந்த ஒருவன், "கயிற தௌனோவே கட்டியிருந்தா? எல்லாரும் ஏரிக்குப் போயிட்டா சதுப்புல யாரு தேடுறது?" என்றான்.

"நான் கட்டல," என்றார் தௌனோ.

"கட்டப் போறேன்னு மத்தியானம் சொன்னீங்களே?"

"சொல்றதெல்லாம் செய்யுறவனாய்யா நான்?" தௌனோ தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்தார். சொல்ல விரும்பாததைச் சொல்லப் போகிறவர் போலத் தெரிந்தது. "எனக்குக் கட்ட வேண்டிய அவசியமே இல்ல. ஆகஸ்ட்டுல தொண்டையில இருந்த நாணல் மொத்தத்தையும் அறுத்துட்டேன். பழைய முளைக்குச்சியெல்லாம் புடுங்கிட்டேன். வடக்க இருந்து வந்தா என் வாசல்ல நிக்காம நேரா கீழ போயிடட்டும்னுதான். போதுமா?"

"அப்ப தொண்டையில சிக்கியிருக்காது," என்றாள் கைசு.

"சிக்காது. கீழ் ஏரிக்குப் போயிருக்கும்." தௌனோ தொப்பியை மாட்டினார். "டிராக்டர் சதுப்புக்கே போகட்டும், எதுக்கும் தேடுங்க. நான் என் படகுல வரேன். கைசு, உன் படகையும் எடு."

கைசு படகில் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தபோது, இம்பி இறங்கிவந்து பின்பலகையில் உட்கார்ந்தாள். துடுப்பு வலிக்கிறவள் பார்ப்பது பின்பக்கம். வழி முழுக்க இரண்டு பேர் முழங்காலும் இடிக்கிற தூரத்தில், இம்பியின் முகத்துக்கு எதிரே கைசு வலிக்க வேண்டியிருந்தது. விளக்கு இம்பியின் மடியில் இருந்தது. அவள் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஏதாவது கேட்டால் தேவலை என்று கைசு நினைத்தாள். இம்பி கேட்கவில்லை.

தொண்டையைத் தாண்டும்போது அறுத்த நாணலின் தட்டைகள் படகின் அடியில் உரசின. அதற்குப் பிறகு தென்பாதி. மூட்டம் இங்கே இன்னும் அடர்த்தி. முன்னால் போன தௌனோவின் விளக்கு மங்கிய மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது.

"ஓஸ்கரி!" என்று அவர் கூப்பிட்டார்.

மேற்குப் பாறை அந்தப் பேரை அப்படியே திருப்பிக் கொடுத்தது. யாராவது பதில் கொடுத்திருந்தாலும் பாறையின் குரல் எது, மனிதக் குரல் எது என்று பிரிக்க முடியாது.

"எந்தப் பக்கம் தேடுறது? இருட்டுல சுத்திச் சுத்தித்தான் வரணும்," தௌனோவின் குரல் மூட்டத்துக்குள்ளிருந்து வந்தது.

கைசு துடுப்பைத் தூக்கிக்கொண்டாள். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது, சொட்டுவது நின்றது. காற்று சுத்தமாகச் செத்திருந்தது. ஆனாலும் படகு நிற்கவில்லை. தெரிந்தும் தெரியாமலும், தென்கிழக்காக, தானாக நகர்ந்தது.

"வலிக்காதீங்க!" என்று கத்தினாள். "சும்மா விடுங்க. மழைத் தண்ணி ஏறியிருக்கு, கல்லுப்பக்கம் இழுக்குது. காத்து நின்னப்புறம் அதையும் இந்த இழுப்புதான் கொண்டு போயிருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் மனதுக்குள் சந்தேகம் எழுந்தது. இதுவும் தப்பாக இருந்தால்? ஆனால் இம்பி விளக்கை மடியிலிருந்து எடுத்து, படகு போகிற திசையில் உயர்த்திப் பிடித்தாள்.

முதலில் கேட்டது சத்தம்தான். எப்போதும் கற்களுக்கு நடுவே சலசலக்கிற தண்ணீர், எதன் அடியிலோ நெருக்கிப் போவது போல, தொண்டைக்குழியில் கொப்பளிப்பது போலக் கேட்டது. பிறகு மரங்கள் தெரிந்தன. ஏரியின் வாசலை மறித்துக்கொண்டு, கற்களில் குந்தியபடி, விருந்தாளி நின்றது.

ஓஸ்கரி இரண்டு பைன் மரங்களுக்கு நடுவில் படுத்திருந்தார். மார்புவரை நனைந்திருந்தார். கரை பக்கத்தில் தெரிந்ததும் கல்லுக்குத் தாவப் பார்த்து, விளிம்பு உடைந்து உள்ளே போய், எப்படியோ மரவேரைப் பிடித்து ஏறியிருக்கிறார். பழம் நிறைந்த வாளி பக்கத்தில் சாயாமல் இருந்தது. தௌனோ அவரைத் தோளில் தூக்கினார். இம்பி தன் கோட்டைக் கழற்றிச் சுற்றினாள். அவருடைய உதடு அசைந்தது, சொல் வரவில்லை. கைசு விளக்கைக் கிட்டே கொண்டுபோனபோது அவர் கண் அவளைப் பார்த்தது. பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் அப்படித் திருப்பிக்கொண்டதை அவளால் மறக்க முடியவில்லை.

ஓஸ்கரியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்ல முடியாது என்றார்களாம். கைசுவுக்கு இதெல்லாம் கடைவண்டி முக்கில்தான் தெரியவந்தது. அங்கே இப்போது யாரும் கிண்டல் பேசுவதில்லை. அவள் வந்ததும் வரிசையில் இடம் விட்டார்கள். அந்த மரியாதை திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

விருந்தாளி கற்களிலேயே நின்றது. வழி அடைபட்டதால் ஏரி ஏறியது. ஒவ்வொரு வீட்டுப் படித்துறையும் நனைந்தது. நாணல் நுனிமட்டும் தெரிந்தது. தௌனோவின் சௌனா வாசற்படிவரை தண்ணீர் வந்தது. நாலு பேர் சேர்ந்து கழி போட்டால் நகர்த்திவிடலாம். யாரும் கழியை எடுக்கவில்லை.

"எனக்குக் கை வரல," என்று தௌனோ ஒருநாள் கைசுவிடம் சொன்னார். "நீ சொல்லிட்ட, நானும் சொல்லிட்டேன். மத்தவனெல்லாம் சொல்லாமயே தப்பிச்சிட்டான். ஆனா அவனுக்கும் கை வரல பாரு."

ஓரங்களில் முதல் பனிக்கட்டி பிடித்த வாரத்தில் ஓஸ்கரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கைசு இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் நீலப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, கயிற்றைச் சுருட்டிக் கையில் மாட்டிக்கொண்டு, காட்டுப் பாதையில் போனாள்.

இம்பி கதவைத் திறந்தாள். பலகையைப் பார்த்தாள். "அங்க சாத்தி வை," என்றாள். "உள்ள வா."

ஓஸ்கரி அடுப்புக்குப் பக்கத்துக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கைசுவைக் கண்டதும் சங்கடமாகச் சிரித்தார்.

"வாம்மா. உன் பழத்தத்தான் பறிச்சேன். வாளி அப்படியே நெலவறையில இருக்கு, எடுத்துட்டுப் போ."

"பழம் கெடக்குது விடுங்க. நீங்க ஏன் கூப்பிடல? ஒரு சத்தம் குடுத்திருந்தா..."

"கூப்பிடலாம்னு வாயத் தொறந்தேன். நீ கத்திய எடுத்த. உன் மொகத்துல இருந்த கோவத்தப் பாத்தேன்." அவர் போர்வை நூலைப் பிடுங்கினார். "நான் ஒளிஞ்சிருக்கிறத நீ பாத்துட்ட, பழத் திருடனுக்கு இதுதான் கூலின்னுதான் அறுக்குறன்னு நெனைச்சேன். ராத்திரி வந்து காப்பாத்துற வரைக்கும் அப்படித்தான் நெனைச்சிக்கிட்டு இருந்தேன்."

"ஐயோ, சத்தியமா நான் பாக்கவே இல்ல!"

"இப்ப தெரியுது. தௌனோ ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னான்."

இம்பி மேசையில் மூன்று கோப்பை வைத்தாள். இனிப்பு ரொட்டியை அறுத்து வைத்தாள். காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, ஊற்றாமல், கைசுவுக்கு எதிரே நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் உன்னை. படகுல கேக்கலாம்னு இருந்தேன். அப்ப பதில் சொன்னா தாங்கியிருக்க மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் உன் படித்துறைக்கு வந்து நின்னேனே, அதுக்கும் நீ தௌனோ வீட்டுக்கு வந்ததுக்கும் நடுவுல நான் ஏரியச் சுத்தி நடந்து போயிட்டேன். அவன் ஆள் சேத்துட்டான். டிராக்டர் கெளப்பிட்டான். நீ படகுல வந்தா எவ்வளவு நேரமாகும்? அவ்வளவு நேரம் என்ன செஞ்சிக்கிட்டு இருந்த? உனக்கு அப்பவே தெரியுமா?"

சொல்வதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. சந்தேகம்தான் இருந்தது, நிச்சயம் இல்லை, தப்பாகச் சொல்லிவிடக்கூடாதே என்று பயந்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இருந்தாலும் அதைச் சொல்ல நினைக்கும்போதே, படித்துறையில் இருமல் போல வந்த அந்தச் சொல்லின் ருசி அவள் நாக்கில் வந்தது.

"பலகையப் பாத்தப்பவே தெரியும்," என்றாள் கைசு. "நீங்க பாதை திரும்பியிருக்க மாட்டீங்க. கூப்பிட்டா கேக்குற தூரம். நான் மாடு கறக்கப் போனேன்."

ஓஸ்கரி ஜன்னலைப் பார்த்தார்.

இம்பி குனிந்து கைசுவின் கோப்பையில் காப்பியை ஊற்றினாள். விளிம்புவரை, தளும்பாமல் ஊற்றினாள்.

"குடி, ஆறிடும்," என்றாள்.

பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, சுவரிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாள். மற்ற இரண்டு கோப்பைகளும் காலியாகவே இருந்தன.

வெளியே அந்த நீலக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கைசு கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தாள். நாக்கு பொசுங்குகிற சூடு. மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள்.